கொரோனா போயாச்சு, எங்க வீட்ல மட்டும் இன்னும் போகல. இது ஓசிடியா, வெறும் பழக்கமா?

வில்லிவாக்கம்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிங்க ப்ளீஸ். சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்ல முடியல, அதான் இங்க வந்து கொட்டறேன்.

எங்க வீட்டுக்காரருக்கு காலேஜ் படிக்கறப்பவே ஓசிடி (ஒரே பயம் விடாம வந்து, செஞ்சதையே திரும்ப திரும்ப செய்ய வெக்கற மனநோய்) இருந்திருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டுதான் கட்டிக்கிட்டாரு, அந்த விஷயத்துல ரொம்ப நேர்மையான மனுஷன். மாத்திரை சாப்ட்டு, டாக்டரே பாத்து மெதுவா நிறுத்தி, நல்லாதான் இருந்தாரு. எவ்ளோ நல்லான்னா, 2019 கோடைல புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு மெட்ராஸே தண்ணிக்கு அலைஞ்சுதே, தெருவே கலர் கலரா குடத்தை தூக்கிட்டு லாரி பின்னாடி ஓடுச்சே, அப்போ அரை பக்கெட் தண்ணில குளிச்சுட்டு ஒரு முணுமுணுப்பு இல்லாம வேலைக்கு போனவரு இவரு.

அப்புறம் வந்துச்சு 2020 மார்ச். எல்லாரும் பால்கனில நின்னு கை தட்டினோமே அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாதாரணமாதான் இருந்தாரு. லாக்டவுன் போட்டதும் அபார்ட்மெண்ட்ல ரூல்ஸ் எழுதி லிஃப்ட் பக்கத்துல ஒட்டினதே இவருதான், செக்ரட்டரி கூப்பிட்டு பாராட்டினாரு. பால் பாக்கெட்டை சோப்பு போட்டு கழுவணும், காய்கறிய மஞ்சத்தண்ணில போடணும், பேப்பர் நிறுத்தணும், கொரியர் வந்தா மூணு நாள் வெளியவே கெடக்கணும், ரூபா நோட்டை இஸ்திரி போடணும். அப்போ எல்லாரும்தான் பண்ணாங்க, எங்க அம்மா கூட போன்ல "மாப்ள எவ்ளோ பொறுப்பா இருக்காரு பாரு"ன்னாங்க. கோயம்பேடு மார்க்கெட்ல பரவி மே மாசம் மார்க்கெட்டையே மூடி திருமழிசைக்கு மாத்தினப்போ "பாத்தியா, நான் சொன்னேன்ல" அப்படின்னாரு. அன்னிக்கு என்னால ஒண்ணும் சொல்ல முடியல.

இப்போ அதே அபார்ட்மெண்ட்ல அந்த ரூல்ஸ் எழுதின பேப்பர் கிழிஞ்சே போச்சு, செக்ரட்டரி மாஸ்க் இல்லாம தும்மிக்கிட்டே மெயின்டனன்ஸ் வாங்க வராரு. எங்க வீட்ல மட்டும் பால் பாக்கெட் இன்னும் குளிக்குது. சோஃபால வெளி ட்ரெஸ்ஸோட உக்கார ஒரு ஓரம், குளிச்சவங்களுக்கு ஒரு ஓரம். பாத்ரூம்ல ப்ளீச்சிங் பவுடர் வாசனைல கண்ணு எரியும். அவர் கை ரெண்டும் வெடிச்சு போயிருக்கு. நான் மார்க்கெட் போய்ட்டு வந்தா எதை எதை தொட்டேன்னு வரிசையா கேப்பாரு, ஒண்ணு விட்டுட்டா முதல்ல இருந்து சொல்லணும்.

இதெல்லாம் கூட ஓட்டிட்டேன். பொண்ணு நாலாவது படிக்கறா. ஸ்கூல்ல இருந்து வந்ததும் யூனிபார்மை வாசல்லயே கழட்டிட்டு நேரா குளிக்கணும், நோட்டை சானிடைசர் போட்டு தொடச்சு தொடச்சு எழுத்தெல்லாம் கலைஞ்சு மிஸ் திட்டறாங்க. போன வாரம் ராத்திரி படுத்துட்டு மெதுவா கேக்கறா, "அம்மா நான் கீழ விழுந்த பென்சிலை எடுத்துட்டு கை கழுவ மறந்துட்டேன், அப்பாக்கு ஏதாவது ஆயிடுமா?"

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். இது பழைய ஓசிடி திரும்பினதா இல்ல கொரோனா பழக்கமா? ரெண்டாவது, நான் இவர் சொல்றபடி எல்லாம் செஞ்சா வீடு அமைதியா இருக்கு, செய்யலன்னா விடிய விடிய சண்டை. நான் என்னதான் பண்றது?


திண்ணைப்பேச்சு:

மேடம் தப்பா எடுத்துக்காதீங்க, சுத்தமா இருக்கறதுல என்ன நோய் இருக்கு? நம்ம பாட்டி தாத்தா வாசல்லயே கால் கழுவிட்டுதான் உள்ள வந்தாங்க. வெளிநாட்டுக்காரன் ஒரு பேர் வெச்சுட்டா எல்லாத்தையும் வியாதின்றோம். குடிக்காம, ஊர் சுத்தாம வீட்டை பாத்துக்கற மனுஷன், சந்தோஷப்படுங்க.


கைரேகை தேஞ்சவன்:

திண்ணைப்பேச்சு சார், உங்க பாட்டி கால் கழுவிட்டு உள்ள வந்தாங்க. என்னால உள்ள வர முடியல, குழாய்கிட்டயே நிக்கறேன், அதுதான் வித்தியாசம். என் பேரே பாருங்க, இது ஸ்டைலுக்கு வெச்சது இல்ல, கழுவி கழுவி தோல் உரிஞ்சு ரேஷன் கடை மெஷின்ல என் ரேகை விழாம எங்க அம்மாதான் போய் கட்டைவிரல் வெச்சு அரிசி வாங்கிட்டு வருவாங்க.

அக்கா, உங்களுக்கு சொல்றேன். எனக்கு கொரோனாவுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, அழுக்கு கிருமி வகைதான். 2020 மார்ச் மாசம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க, பயமே இல்ல, ஒரு மாதிரி நிம்மதி. அத்தனை வருஷமா என்னை கிறுக்கன்னு பாத்தவங்க எல்லாம் கதவு கைப்பிடிய முழங்கையால தள்றாங்க, டிவில நடிகருங்க கை கழுவ சொல்லி குடுக்கறாங்க, யாருக்கு போன் போட்டாலும் முதல்ல இருமல் சத்தம் அப்புறம் அட்வைஸ். ஊரே என் பக்கம் வந்துடுச்சுன்னு நெனச்சேன். உங்க வீட்டுக்காரர் அந்த ரூல்ஸ் பேப்பரை ஒட்டினப்போ அவருக்கும் இதேதான் இருந்திருக்கும்னு என் யூகம்.

ஆனா கவர்மெண்ட் சொன்னது என்ன? 20 வினாடி கழுவு, வெளிய போய்ட்டு வந்தா கழுவு, சாப்பிடறதுக்கு முன்னாடி கழுவு. அதுல ஒரு முடிவு இருக்கு. எனக்கு 20 எண்ணினதும் "சரியா எண்ணினியா, நடுவுல ஒரு நம்பர் விட்டுட்டியே"ன்னு ஒரு சந்தேகம் வரும், திரும்ப ஒண்ணுல இருந்து. குழாயை மூடினா குழாய் அழுக்காச்சே, அதை கழுவணும், அதை கழுவின கை மறுபடி. கந்துவட்டிக்காரன் மாதிரிதான் இந்த நோய், ஒரு வாட்டி கழுவினா அந்த நேரத்துக்கு வட்டி கட்டின நிம்மதி, அசல் அப்படியே நிக்கும், அடுத்த வாட்டி வட்டி கூட கேப்பான். கழுவறது பயத்தை கொறைக்கறதாலதான் மூளை அதை விடாம புடிச்சுக்குதுன்னு எங்க டாக்டர் சொல்வாரு.

இன்னொண்ணு, நியூஸ். அந்த மார்ச்லயே ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, லேப்ல வெச்சு பாத்தா ப்ளாஸ்டிக், எவர்சில்வர் மேல வைரஸ் 72 மணி நேரம் வரைக்கும் இருக்கு, அட்டைப்பெட்டில 24 மணி நேரம்னு. உங்க கொரியர் மூணு நாள் வெளிய கெடந்ததுக்கு மூலம் அதுதான். ஆனா 2021 ஏப்ரல்ல அமெரிக்காவோட நோய்த்தடுப்பு அமைப்பு சிடிசியே சொல்லிடுச்சு, இது பெரும்பாலும் மூச்சுக்காத்து வழியா பரவறது, கிருமி பட்ட ஒரு பொருளை ஒரு தடவை தொடறதால தொத்துற வாய்ப்பு 10,000ல ஒண்ணுக்கும் கீழன்னு. சாதாரண ஆளுக்கு அந்த செய்தியோட பால் பாக்கெட் கழுவறது நின்னுடுச்சு. எனக்கு மூளை உடனே கேட்டுச்சு, "அந்த ஒண்ணு நீயா இருந்தா?" அதனால அக்கா, ஆதாரம் காட்டி அவர்கிட்ட வாதாடாதீங்க. அவருக்கு உங்களைவிட நல்லாவே தெரியும். தெரிஞ்சும் நிறுத்த முடியல, அவமானமே அங்கதான் இருக்கு.

உங்க முதல் கேள்விக்கு: பழக்கம்னா லேட்டாச்சுன்னா விட்டுடலாம், விட்டுட்டா கொஞ்சம் உறுத்தும், அவ்ளோதான். இவரால விட முடியுதா? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இதுலயே போகுதா, இல்ல வேலை, குடும்பம் கெடுதா, டாக்டருங்க பாக்கறது அதைத்தான். நீங்க எழுதினதை படிச்சா எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா நான் டாக்டர் இல்ல.


ஓஎம்ஆர் பூட்டு:

இங்க எல்லாரும் கை கழுவறதை பத்தியே பேசறீங்க, ஓசிடின்னாலே அதான்னு ஆயிடுச்சு. எனக்கு கிருமி பயம் துளி கூட இல்ல, கையேந்தி பவன்ல நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். எனக்கு செக்கிங். கேஸ் மூடினேனா, பூட்டு பூட்டினேனா, வண்டில யாரையாவது இடிச்சுட்டேனா. கடைசி ஒண்ணுதான் ரொம்ப மோசம், துரைப்பாக்கம் சிக்னல்ல ஒரு பள்ளத்துல வண்டி தூக்கி போட்டா கூட யு டர்ன் போட்டு திரும்பி போய் ரோட்ல யாரும் கெடக்கலையேன்னு பாத்துட்டு வருவேன், ஆபீஸுக்கு லேட்டு, மேனேஜர்கிட்ட டிராபிக்னு ஒரே பொய்.

லாக்டவுன் வந்ததும் எனக்கு சொர்க்கம். வீட்டை பூட்டிட்டு போக வேண்டியதே இல்ல, வண்டி எடுக்க வேண்டியதே இல்ல, ஒர்க் ஃப்ரம் ஹோம். குணமாயிடுச்சுன்னே நெனச்சு சைக்காலஜிஸ்ட்டுக்கு போன் பண்றதையும் விட்டுட்டேன். அப்புறம் பாருங்க, ஜூன்ல சென்னைல ரொம்ப ஏறுச்சு, 19ஆம் தேதில இருந்து மறுபடி முழு ஊரடங்கு போட்டாங்க, எங்க தெருவுல ஒரு வீட்டு வாசல்ல தகரம் அடிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒண்ணு உதிச்சுது. எனக்கு வர்றது பிரச்சனையே இல்ல, எனக்கே தெரியாம நான் யாருக்காவது குடுத்துட்டேன்னா? வீட்ல ஆயாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. ரோட்ல ஆள் இடிச்சுட்டேனோன்னு திரும்பி போய் பாத்தவன், இப்போ மனசுக்குள்ளயே திரும்பி போய் பாக்கறேன், செவ்வாக்கிழமை மெடிக்கல் ஷாப்ல சில்லறை குடுத்தேனே, அந்த பெரியவர் இருமினாரா, நான் கிட்ட நின்னேனா. யாராலயும் வெளிய இருந்து பாத்து கண்டுபிடிக்க முடியாது, சும்மா ஃபேனை பாத்துட்டு படுத்திருக்கற மாதிரிதான் இருக்கும், உள்ள சிசிடிவி ஓடிக்கிட்டே இருக்கும்.

மாநகராட்சில இருந்து காய்ச்சல் இருக்கான்னு வீடு வீடா கேட்டுட்டு வந்தாங்கல்ல, அந்த பொண்ணுகிட்ட நானே போய் நிப்பேன், எனக்கு டெம்பரேச்சர் பாருங்க, நார்மலான்னு சொல்லுங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்கன்னு. பாவம் அது வெயில்ல நூறு வீடு ஏறி எறங்குது. அப்புறம் 2022ல ஆபீஸ் திறந்து மறுபடி வர சொன்னப்போ பூட்டும் கேஸும் அப்படியே காத்துட்டு இருந்துச்சு. லாக்டவுன்ல நோய் போகல, நோய்க்கு வேலை இல்லாம இருந்துச்சு, அவ்ளோதான்.

உங்க வீட்டுக்காரர் விஷயத்துல நான் கேக்கறது, அவர் பயப்படறது தனக்கு வந்துடும்னா இல்ல உங்களுக்கும் பொண்ணுக்கும் தன்னால வந்துடும்னா? நெறைய பேருக்கு ரெண்டாவதுதான். அப்படின்னா "சுயநலக்காரர்"ன்னு சண்டைல ஒரு வார்த்தை விட்டீங்கன்னா அவர் உடைஞ்சுடுவாரு.


பேச்சுத்துணை:

நான் மனநலப் பிரிவுல சைக்காலஜிஸ்ட். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. ஆளை பாக்காம நோய் இருக்கு இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா சகோதரி எழுதினதுல கண்டிப்பா போய் காட்ட வேண்டிய அளவு இருக்கு.

முதல்ல அவசரமான ஒண்ணு. ப்ளீச்சிங் பவுடர் போடற அதே பாத்ரூம்ல டாய்லெட் ஆசிட் ஊத்தறாரான்னு பாருங்க. ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூம்ல கதவை சாத்திட்டு நின்னா ஆபத்து. இதுல மட்டும் சண்டை வந்தாலும் பரவால்ல, ஒண்ணை வீட்டை விட்டு வெளிய போட்டுடுங்க. கை வெடிப்புக்கு தோல் டாக்டரையும் பாக்கணும், வெடிச்ச தோல்ல கிருமி ஏறறது சுலபம், சுத்தத்துக்காக பண்றது நேர் எதிரா போய் முடியுது.

அப்புறம் கொரோனாவால ஓசிடிகாரங்க எல்லாருக்கும் மோசமாச்சுன்னு ஒரு பேச்சு இருக்கு. அப்படி ஒட்டுமொத்தமா சொல்ல முடியாது. கிருமி பயம் இருந்தவங்க பலருக்கு கூடுச்சுன்னு நெறைய ஊர்ல பாத்திருக்காங்க. ஆனா பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில ஏற்கனவே ட்ரீட்மெண்ட்ல இருந்தவங்களை முதல் சில மாசம் தொடர்ந்து பாத்ததுல, நோய் திரும்பறது முந்தின வருஷத்தைவிட பெருசா கூடல. எனக்கு அது ஆச்சரியமா இல்ல. நான் பாத்த வரைக்கும் மாத்திரையும் பயிற்சியும் விடாம இருந்தவங்க கொரோனா பயத்தையும் மத்தவங்க மாதிரியேதான் பயந்தாங்க. அந்த நேரத்துல பஸ் இல்ல, ஓபி எல்லாம் கோவிட் வார்டா மாறிடுச்சு, மாத்திரை தீந்து போச்சு, இந்த மாதிரி அறுந்து போனவங்கதான் திண்டாடினாங்க. போன்ல வீடியோல வைத்தியம் பாக்கலாம்னு 2020 மார்ச் 25லயே மத்திய அரசு விதிமுறை போட்டது பலரை காப்பாத்துச்சு.

வைத்தியம் ரெண்டு. மாத்திரை, மனச்சோர்வுக்கும் குடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை, ப்ளூவாக்சடின், செர்ட்ரலின், ப்ளூவாக்சமின் இந்த மாதிரி. மனச்சோர்வுக்கு குடுக்கறதைவிட ஓசிடிக்கு டோஸ் பெரும்பாலும் கூட தேவைப்படும், பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் கூட ஆகலாம், பத்து நாள்ல ஒண்ணும் ஆகலன்னு நிறுத்தாதீங்க. முன்னாடி எந்த மாத்திரைல சரியாச்சோ அந்த பழைய சீட்டு இருந்தா எடுத்துட்டு போங்க, டாக்டருக்கு அது பெரிய உதவி. இன்னொண்ணு ஈஆர்பிங்கற பயிற்சி. பயப்படற பொருளை தொட்டுட்டு, கழுவாம, அந்த பதட்டம் தானா எறங்கற வரைக்கும் உக்காந்திருக்கறது. 1966ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, இன்னி வரைக்கும் இதைவிட நல்ல பேச்சு வைத்தியம் ஓசிடிக்கு இல்ல. கொரோனா நேரத்துல இதை எப்படி பண்றதுன்னு எங்களுக்கே குழப்பமாதான் இருந்துச்சு, தொடாதேன்னு ஊரே சொல்றப்போ தொடுன்னு எப்படி சொல்றது? அதனால அரசு சொன்ன அளவை கோடா வெச்சுக்கிட்டோம். வெளிய போய்ட்டு வந்தா ஒரு தடவை, 20 வினாடி, முடிஞ்சுது, அதுக்கு மேல ஒரு சொட்டு தண்ணி கிடையாது.

உங்க ரெண்டாவது கேள்வி, நீங்க என்ன பண்றது. அவரோட சடங்குல வீட்டு ஆளுங்களும் சேந்துக்கறது, தொட்ட லிஸ்ட் ஒப்பிக்கறது, "ஒண்ணும் ஆகாது"ன்னு திரும்ப திரும்ப சொல்றது, இது பாசத்துல பண்றதுதான், பெரும்பாலான குடும்பங்கள்ல நடக்குது, ஆனா நோய்க்கு தீனி அதுதான். அதுக்காக நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்திடாதீங்க. அவர் நிதானமா இருக்கற ஒரு நேரம் பாத்து, சண்டைக்கு நடுவுல இல்ல, "உங்களோட இருக்கேன், இந்த நோயோட கூட்டு சேர மாட்டேன், எதுல இருந்து ஆரம்பிக்கலாம் நீங்களே சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவர் தேர்ந்தெடுக்கற ஒண்ணுல, சின்னதா ஒண்ணுல, ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிங்க.

குழந்தை விஷயம் மட்டும் பேரம் இல்ல. அவளை சடங்குல இருந்து முதல்ல வெளிய எடுங்க. அந்த பென்சில் கேள்விக்கு "ஒண்ணும் ஆகாது, போய் கழுவிட்டு வா"ன்னு சொல்லாதீங்க, அது ரெண்டும் சேந்து குழப்பும். "அப்பாக்கு ஒரு நோய் இருக்கு, அது அவருக்கு பொய்யா பயம் காட்டுது, டாக்டர்கிட்ட போறோம், அதை சரி பண்றது உன் வேலை இல்ல"ன்னு அவளுக்கு புரியற மாதிரி சொல்லுங்க.


வில்லிவாக்கம்காரி:

படிச்சுட்டு கொஞ்ச நேரம் சமையல்கட்டுல உக்காந்துட்டேன். கைரேகை தம்பி, ஓஎம்ஆர் தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. அவர் பயப்படறது எங்களுக்காகத்தான், பொண்ணு தும்மினா அன்னிக்கு தூங்க மாட்டாரு.

மேடம், ஆசிட் இருந்துச்சு, கீழ் வீட்டு அம்மாகிட்ட குடுத்துட்டேன். ஒரு சிக்கல். எங்க மாமியார் ரொம்ப மடி ஆச்சாரம் பாக்கறவங்க. டாக்டர்கிட்ட போலாம்னு பேச்செடுத்தா "என் புள்ளை ஆச்சாரமா இருக்கான், அவனை பைத்தியம்ங்கறியா"ன்னு ஊரை கூட்டிடுவாங்க. அப்புறம் தனியார்ல பாக்க இப்போ வசதி இல்ல, ஈஎம்ஐ ஓடுது.


பேச்சுத்துணை:

மாமியாரை இப்போ ஜெயிக்க வேண்டாம். கை வெடிச்சிருக்கு, தூக்கம் இல்லன்னு சொல்லிட்டு கெளம்புங்க, அதுல பொய் எதுவும் இல்லையே. வேணும்னா பிறகு ஒரு நாள் டாக்டரே அவங்களை கூப்பிட்டு பேசுவாரு, அவங்க தலைமுறை வெள்ளை கோட்டு சொன்னா கேட்டுக்கும். மடி பாக்கறவங்க பூஜை முடிஞ்சா நிம்மதியா காபி குடிப்பாங்க, உங்க வீட்டுக்காரர் குடிக்கறாரா? அவங்ககிட்ட கேக்க வேண்டியது அந்த ஒரு கேள்விதான்.

செலவு கவலை வேண்டாம். கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம்னு பயந்து யாரும் போக மாட்டேங்கறாங்க, அது 1794ல ஆரம்பிச்ச இடம், இப்போ வெளிநோயாளியா போய் மாத்திரை வாங்கிட்டு அன்னிக்கே வீட்டுக்கு வர்றவங்க ஏராளம். அந்த பேர் வேண்டாம்னா சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச், ஸ்டான்லி, கேஎம்சி (கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜ்), இந்த அரசு ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் மனநலப் பிரிவு இருக்கு. கெளம்பறதுக்கு முன்னாடி அவர் பேச தயார்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்ங்கற மனநல உதவி நம்பர், மத்திய அரசு 2022ல ஆரம்பிச்சது, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.


திண்ணைப்பேச்சு:

நான் மேல எழுதினது இருக்கட்டும். எங்க பெரியப்பா பையன் ஒருத்தன் கதவை பூட்டிட்டு பத்து தடவை இழுத்து பாப்பான், நாங்க எல்லாம் சின்ன வயசுல இருந்து கிண்டல் பண்ணுவோம். அதுவும் இதானா?


ஓஎம்ஆர் பூட்டு:

இழுத்து பாத்துட்டு தெரு முனை வரைக்கும் போய்ட்டு திரும்பி வராரா சார்? வராருன்னா என் நம்பரை பிரைவேட் மெசேஜ்ல அனுப்பறேன், அவரை பேச சொல்லுங்க. கிண்டலை மட்டும் நிறுத்திடுங்க.


கைரேகை தேஞ்சவன்:

அக்கா, ஜிஹெச் போறதா இருந்தா காலையிலயே போய் ஓபி சீட்டு போட்டுடுங்க, லேட்டானா கூட்டம் தாங்காது. முதல் வாட்டி அவருக்கு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காரவே முடியாது, நின்னுட்டேதான் இருப்பாரு, வற்புறுத்தாதீங்க. நான் ரெண்டாவது விசிட்லதான் உக்காந்தேன்.